ஒளிநாரில் பிழை திருத்தும் கணிதமும் அதற்கான மின்கட்டணமும்

வெளிநாட்டில் வாழும் உறவினர் ஒருவருடன் கைத்தொலைபேசியில் முகம் பார்த்து உரையாடும்போது, அந்த உருவமும் குரலும் வானிலுள்ள செய்மதி வழியாகவே வந்து சேருவதாக நம்மில் பலர் இன்றும் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். உண்மையில் கண்டங்களுக்கிடையிலான தரவுப் பரிமாற்றத்தின் மிகப் பெரும் பகுதி கடலடியிலே கிடக்கும் கேபிள்களினூடாகவே நடைபெறுகின்றது. 2005 இல் சேவைக்கு வந்த சீ-மீ-வீ 4 கேபிள் கொழும்பிலும், 2016 இன் இறுதியில் நிறைவுற்ற சீ-மீ-வீ 5 கேபிள் மாத்தறையிலும் நமது கரையைத் தொடுகின்றன. அவற்றினுள்ளே தலைமயிரளவு தடிப்புள்ள கண்ணாடி நார்களில், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு லேசர் ஒளி ஓடிக்கொண்டிருக்கின்றது.

இந்த ஒளி புறப்பட்ட வடிவத்திலேயே வந்து சேருவதில்லை. ஒவ்வொரு செக்கனிலும் கோடிக்கணக்கான தவறுகளைச் சுமந்துகொண்டே அது கரையேறுகின்றது. ஆயினும் நமது திரையில் ஓர் எழுத்துக்கூட மாறுவதில்லை. இடையில் நின்று இத்தவறுகளைக் களைவது ஒரு கணித முறை. அதற்குப் பிழைதிருத்தக் குறிமுறை என்று பெயர். அதனைச் செயற்படுத்துவதற்கும் மின்சாரம் தேவை என்பதுதான் இங்கு சிக்கல். பிழைதிருத்தத்தினால் மிச்சமாகும் மின்வலு எவ்வளவு, பிழைதிருத்தமே விழுங்கும் மின்வலு எவ்வளவு என்ற வரவு செலவையே இக்கட்டுரையில் நாம் நோக்கவிருக்கின்றோம்.

முதலில் பிழையை எவ்வாறு திருத்தலாம் என்பதைப் பார்ப்போம். தராவீஹ் தொழுகையில் இமாம் ஓதும்போது ஒரு வசனம் தவறிவிட்டால், பின்னால் நிற்கும் ஹாபிழ் ஒருவர் அதனை எடுத்துக் கொடுப்பார். அவரது மனத்தில் முழுப் பிரதியொன்று இருப்பதால் இது இயலுகின்றது. ஆனால் அனுப்பும் செய்தி முழுவதையும் இரு தடவை அனுப்புவது கேபிளின் பாதியை வீணாக்குவதாகும். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த நமது அறிஞர்கள் வேறொரு வழியைக் கண்டிருந்தனர். செல்லரித்துப் போன எழுத்து இன்னதாகவே இருக்கவேண்டும் என்று எதுகையையும் தளையையும் கொண்டு அவர்களால் ஊகிக்க முடிந்தது. பாட்டின் பொருளுக்கு அப்பால் யாப்பு விதிக்கும் கட்டுப்பாடு, சிதைவைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியாகவும் அமைந்துவிடுகின்றது. பிழைதிருத்தக் குறிமுறையும் இத்தகைய ஒரு யாப்புத்தான். செய்தியோடு சில சரிபார்ப்புப் பிற்றுகளைக் கணித விதிக்கமைய இணைத்து அனுப்பினால், விதி எங்கே முறிந்துள்ளது என்பதைப் பார்த்துப் பெறுநர் தவற்றைத் திருத்திக்கொள்ளலாம்.

இரைச்சல் மிகுந்த பாதையினூடாகவும், அப்பாதையின் கொள்ளளவைத் தாண்டாதவரை, விரும்பிய அளவுக்குப் பிழை குறைத்துச் செய்தி அனுப்பலாம் என்பதை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த குளோட் ஷனன் 1948 இல் நிறுவினார். அத்தகைய குறிமுறை உண்டு என்று காட்டினாரேயன்றி அது எது என்று அவர் கூறவில்லை. அதே ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹமிங், வார இறுதிகளில் தாம் ஒப்படைத்துச் செல்லும் கணக்குகளைக் கணிப்பொறி ஒரு சிறு தவற்றைக் கண்டவுடன் கைவிட்டுவிடுவதனால் சலிப்படைந்தார். தவறு இருப்பதைக் கண்டறியத் தெரிந்த பொறிக்கு அது இருக்கும் இடத்தைக் கண்டறிய ஏன் முடியாது என்ற அவரது கேள்வியே, 1950 இல் வெளியான ஹமிங் குறிமுறைக்கு வித்திட்டது. நான்கு தரவுப் பிற்றுகளுக்கு மூன்று சரிபார்ப்புப் பிற்றுகள். ஏழில் எந்த ஒன்று பிழைத்தாலும் திருத்திவிடலாம்.

ஒளிநார்த் தொடர்பாடலின் தொடக்க காலத்தில் இவை எதுவும் தேவைப்படவில்லை என்பது வியப்பாகத் தோன்றலாம். 1988 இல் அத்திலாந்திக் சமுத்திரத்தினூடாக இடப்பட்ட முதலாவது ஒளிநார்க் கேபிளான டாட்-8 இல், குறிப்பிட்ட தூரத்துக்கொருமுறை ஒளியை மின்குறிப்பாக மாற்றி, 0 எது 1 எது என்று தீர்மானித்து, புதிய ஒளியாக மீண்டும் அனுப்பும் சாதனங்கள் பொருத்தப்பட்டிருந்தன. ஒவ்வொரு தரிப்பிலும் செய்தி புதிதாகப் பிறந்தது. 1987 இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேய்ன் குழுவினரும் பெல் ஆய்வுகூடத்தில் இமானுவேல் டெசூர்வியரும் எர்பியம் கலந்த நாரினால் ஒளியை ஒளியாகவே பெருக்கும் விரியலாக்கியை உருவாக்கியதும் நிலைமை மாறியது. ஒரே நாரில் பல நிற ஒளிகளை ஒருங்கே பெருக்க முடிந்ததனால் கொள்ளளவு பன்மடங்கு உயர்ந்தது. ஆனால் விரியலாக்கி செய்தியைப் பெருக்கும்போது இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகின்றது. தன் பங்குக்குச் சிறிது இரைச்சலையும் கலந்துவிடுகின்றது. நூறு விரியலாக்கிகளைத் தாண்டி வரும் ஒளியில் நூறு தரிப்புகளின் இரைச்சலும் திரண்டிருக்கும். பிழைதிருத்தம் ஒளிநாருக்குள் நுழைந்தது இதன் விளைவாகவே.

அமெரிக்காவின் லிங்கன் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஏர்விங் ரீட், குஸ்தாவ் சொலமன் ஆகிய இருவரும் 1960 இல் வெளியிட்ட குறிமுறையை, சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 1996 இல் கடலடிக் கேபிள்களுக்கான நியமமாக ஏற்றுக்கொண்டது. 239 பைற்றுத் தரவுடன் 16 பைற்றுச் சரிபார்ப்பு. ஏறத்தாழ 7 சதவீத மேலதிகச் சுமை. 255 பைற்றில் எட்டு வரை எங்கு பிழைத்தாலும் இது திருத்திவிடும். பத்தாயிரம் பிற்றுக்கு ஒன்று என்ற வீதத்தில் தவறுகள் வந்தால், வெளியேறும்போது 1,000 டிரில்லியன் பிற்றுக்கு ஐந்து என்ற அளவுக்கு அவை குறைந்திருக்கும்.

இதன் பெறுமதியைப் பொறியியலாளர்கள் தெசிபெல் கணக்கில் கூறுவர். மேற்கூறிய குறிமுறை ஏறத்தாழ 6 தெசிபெல் ஈட்டித் தருகின்றது. அதாவது, குறிமுறை இல்லாதபோது தேவைப்படும் ஒளிவலுவில் நான்கிலொரு பங்கைக் கொண்டே அதே தரத்தைப் பெறலாம். 'வலுவைக் கூட்டிவிட்டால் போதாதா, எதற்கு இந்தக் கணிதமெல்லாம்?' என்று கேட்கத் தோன்றும். போதாது. கண்ணாடி நாரில் ஒளியின் செறிவு ஓர் எல்லையைத் தாண்டினால், கண்ணாடியின் ஒளிமுறிவே அந்த ஒளியினால் மாறத் தொடங்கிச் செய்தியின் வடிவத்தைக் குலைத்துவிடும். கூட்டத்தில் எல்லோரும் குரலை உயர்த்தினால் எவர் பேச்சும் விளங்காமற் போவது போன்றதே இது. ஆகவே ஒளிநாரில் பிழைதிருத்தம் என்பது செலவைக் குறைக்கும் உபாயம் மட்டுமன்று. பல வேளைகளில் வேறு வழியே இல்லை.

கடலடிக் கேபிளுக்கு இன்னுமொரு நெருக்கடி உண்டு. நடுக்கடலில் மின்மாற்றி கிடையாது. அறுபது முதல் நூறு கிலோமீற்றருக்கொன்றாக அமையும் விரியலாக்கிகள் அனைத்துக்குமான மின்சாரம், கேபிளினுள் செல்லும் உலோகக் கடத்தியினூடாகக் கரையிலிருந்தே ஊட்டப்படவேண்டும். நீண்ட கேபிள்களில் இதற்கான மின்னழுத்தம் பத்தாயிரம் வோல்ற்றையும் தாண்டும். அதற்கு மேல் உயர்த்துவது காவலிக்கு ஆபத்தானது. ஆகவே கிடைக்கும் மின்வலு அளவுக்குட்பட்டது. அதனை எவ்வாறு பங்கிடுவது என்பதே கேள்வி. ஷனனின் சூத்திரம் இங்கு ஒரு விந்தையான விடையைத் தருகின்றது. ஒரு நாரில் வலுவை இரட்டிப்பாக்கினால் கொள்ளளவு சிறிதளவே கூடும். அதே வலுவை இரண்டு நார்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், ஒவ்வொன்றிலும் செய்தி மங்கலாக வந்தபோதிலும் மொத்தக் கொள்ளளவு பெரிதும் கூடும். அமெரிக்காவின் வேர்ஜீனியாக் கரையையும் பிரான்ஸையும் இணைத்து 2021 இல் சேவைக்கு வந்த கூகிள் நிறுவனத்தின் டுனான்ட் கேபிள், பன்னிரண்டு நார்ச் சோடிகளைக் கொண்டு இந்தத் தத்துவத்திலேயே அமைக்கப்பட்டது. மங்கலான செய்தியிலிருந்து உண்மையை மீட்கவல்ல வலிமையான குறிமுறை கரையில் காத்திராவிட்டால் இத்தகைய சிக்கனம் கைகூடியிராது.

இதுவரை கூறியது வரவுப் பக்கம். இனிச் செலவுப் பக்கத்துக்கு வருவோம்.

வலிமையான குறிமுறைகளில் முதன்மையானது, மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் மாணவரான ரொபர்ட் கலகர் 1960 இல் தமது கலாநிதிப் பட்ட ஆய்வில் முன்வைத்ததாகும். அக்காலக் கணினிகளால் அதனைத் தாங்க முடியவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள்வரை பெரும்பாலும் மறக்கப்பட்டுக் கிடந்த அது, 1993 இல் பிரான்ஸின் குளோட் பெரூவும் சகாக்களும் டேர்போக் குறிமுறையை அறிவித்து ஷனனின் எல்லையை அணுகலாம் என்று காட்டிய பின்னரே மீளக் கண்டெடுக்கப்பட்டது. இக்குறிமுறைகளின் பலம் அவை 'மென்மையான' தீர்ப்பைப் பயன்படுத்துவதில் தங்கியுள்ளது. வந்தது 1 என்று கூறிவிடுவது கடுந்தீர்ப்பு. வந்தது அநேகமாக 1, ஆனால் உறுதியில்லை என்று கூறுவது மென்தீர்ப்பு. ஒவ்வொரு பிற்றும் தன் மீதான நம்பிக்கையின் அளவைத் தன்னுடன் தொடர்புள்ள சரிபார்ப்புகளுக்கு அனுப்பும். அவை தமது கருத்தைத் திருப்பியனுப்பும். இந்தப் பரிமாற்றம் பல சுற்றுகள் நிகழ்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வரும்.

இந்தக் கருத்துப் பரிமாற்றம்தான் மின்சாரத்தை விழுங்குகின்றது. சிலிக்கன் சில்லொன்றில் கூட்டல் கழித்தலைவிட, எண்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கம்பி வழியே நகர்த்துவதற்கும் நினைவகத்தில் எழுதி வாசிப்பதற்குமே பெரும்பாலும் அதிக சக்தி செலவாகின்றது. பிழையே இல்லாத பிற்றும்கூட ஒவ்வொரு சுற்றிலும் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டேயிருக்க வேண்டும். பிழை உண்டோ இல்லையோ கட்டணம் ஒன்றுதான்.

இதற்கு மாற்றான பாதை 1954 இல் பீட்டர் எலியாஸ் முன்வைத்த பெருக்கக் குறிமுறையிலிருந்து தொடங்குகின்றது. அதனை விளங்கிக்கொள்ள ஒரு கடைக்காரரின் கணக்குப் புத்தகமே போதும். எண்களை நிரை நிரலாக எழுதி, ஒவ்வொரு நிரைக்கும் நிரலுக்கும் கூட்டுத்தொகையைப் பக்கத்திலும் கீழும் இட்டிருக்கின்றார். ஏதோவோர் எண் தவறிவிட்டால், ஒரு நிரையின் கூட்டுத்தொகையும் ஒரு நிரலின் கூட்டுத்தொகையும் ஒருங்கே பொருந்தாமற்போகும். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் தவறு இருக்கின்றது. கூட்டுத்தொகைக்குப் பதிலாக மூன்று நான்கு தவறுகளைத் திருத்தவல்ல சிறு குறிமுறையொன்றை ஒவ்வொரு நிரைக்கும் நிரலுக்கும் இட்டால், நிரையில் திருத்த முடியாதது நிரலில் திருந்தும். அதன் பயனாக இன்னொரு நிரை திருந்தும். 2012 இல் கனடாவின் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங் கிஷிஷாங், பெஞ்சமின் ஸ்மித் ஆகியோரும் சகாக்களும் வெளியிட்ட 'படிக்கட்டு'க் குறிமுறை இதனை மேலும் நீட்டியது. கணக்குப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலுமுள்ள எண்கள் முந்திய பக்கத்துடன் சேர்த்து ஒருமுறையும் அடுத்த பக்கத்துடன் சேர்த்து மறுமுறையும் சரிபார்க்கப்படுகின்றன. அதே 7 சதவீதச் சுமையுடன், கடுந்தீர்ப்புக்குரிய ஷனன் எல்லைக்கு 0.56 தெசிபெல் தூரம்வரை அது நெருங்கியது.

நம்மைப் பொறுத்தவரை முக்கியமானது அதன் மௌனம். இம்முறையில் கூட்டுத்தொகை பொருந்தாத இடத்தில் மட்டுமே வேலை நடைபெறும். முதல் சுற்றிலேயே பெரும்பாலான தவறுகள் அகன்றுவிடுவதனால், பிந்திய சுற்றுகளில் சில்லின் பெரும் பகுதி அசைவற்று இருக்கும். அசையாத சுற்றுக்கு மின்செலவும் குறைவு. 100 கிகாபிற்று வேகத்தில், கலகரின் வழியில் செல்லும் தீர்ப்பியின் உள்ளே நகரவேண்டிய தரவு இதனைவிட நூறு மடங்குக்கு மேலானது என்று படிக்கட்டுக் குறிமுறையின் ஆசிரியர்கள் கணக்கிட்டுக் காட்டினர். மென்தீர்ப்பினால் கிடைக்கும் ஓரிரு தெசிபெல்லை விட்டுக்கொடுத்து இவ்வளவு சிக்கனத்தைப் பெறுவது நல்ல வியாபாரமா என்பது, அந்த ஒரு தெசிபெல்லின் விலை எவ்விடத்தில் எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் அனந்த் சகாய், புல்கித் குரோவர் ஆகியோர் 2008 முதல் மேற்கொண்ட ஆய்வு இவ்விடயத்தை அடிப்படையிலிருந்தே கேள்விக்குட்படுத்தியது. ஷனன் கணக்கிட்டது அனுப்புவதற்கான வலுவை மட்டுமே. வாசிப்பதற்கான வலுவையும் கூட்டிப் பார்த்தால், ஷனனின் எல்லையைத் தொட முயல்வது சிக்கனமே அன்று. எல்லையிலிருந்து சற்றுத் தள்ளி நின்று, கொஞ்சம் கூடுதலான வலுவில் அனுப்பி, எளிய குறிமுறையால் வாசிப்பதே மொத்தத்தில் மலிவானது என்று அவர்கள் காட்டினர். தூரம் கூடக்கூட அனுப்பும் செலவு மேலோங்கும். தூரம் குறையக்குறைய வாசிக்கும் செலவு மேலோங்கும். நமது பார்வையில், கடந்த இருபது ஆண்டுகளில் இத்துறையில் வெளிவந்த மிகப் பயனுள்ள சிந்தனைகளில் இதுவும் ஒன்று. ஏனெனில் அதுவரை எல்லோரும் தெசிபெல்லை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தனர்.

தூரம் எல்லையற்றுக் கூடினால் என்னவாகும் என்பதற்கு நாசாவின் சைக்கி விண்கலம் சான்று. 2023 ஒக்டோபரில் ஏவப்பட்ட அக்கலத்தில் பரீட்சார்த்தமாகப் பொருத்தப்பட்டிருந்த லேசரின் சராசரி வலு 4 வாற்று மாத்திரமே. ஒரு சிறு மின்குமிழின் அளவு. அவ்வாண்டு டிசெம்பரில் 3.1 கோடி கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து, செக்கனுக்கு 267 மெகாபிற்று வேகத்தில் ஒரு பூனையின் காணொளியை அது அனுப்பியது. கலிபோர்னியாவின் பலோமர் மலையிலுள்ள தொலைநோக்கி, வந்து சேர்ந்த போட்டன்களை ஒவ்வொன்றாக எண்ணியது. ஒளி தோன்றும் நேரத்தையே எழுத்தாகக் கொள்ளும் குறிமுறையினால், வந்த ஒரு சில போட்டன்களிலிருந்து பல பிற்றுகள் மீட்கப்பட்டன. விண்கலத்தில் ஒவ்வொரு வாற்றும் அரிது. பூமியில் தீர்ப்பிக்கு மின்சாரம் தாராளம். ஆகவே சுமை முழுவதும் பூமியின் தலையில் ஏற்றப்பட்டது.

இதற்கு நேரெதிரான துருவத்தில் நிற்பவை தரவு நிலையங்கள். சர்வதேச சக்தி முகவரகம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகின் தரவு நிலையங்கள் 2024 இல் ஏறத்தாழ 415 பில்லியன் அலகு மின்சாரத்தை நுகர்ந்தன. 2030 இல் இது 945 பில்லியன் அளவுக்கு உயரக்கூடும். இலங்கை முழுவதும் ஓராண்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தின் இருபது மடங்குக்கும் அதிகமான தொகை, 2024 இலேயே இவற்றுக்குச் சென்றுள்ளது. 2022 இல் மணிக்கணக்காக இருளில் இருந்த நமக்கு இவ்வொப்பீட்டின் கனம் புரியும். இந்நுகர்வின் பெரும் பங்கு கணிப்புச் சில்லுகளுக்கே செல்கின்றது என்பது உண்மை. ஆயினும் செயற்கை நுண்ணறிவுக்கான நிலையமொன்றில் அச்சில்லுகளைப் பிணைக்கும் ஒளி இணைப்புகள் பல்லாயிரக்கணக்கில் உள்ளன. ஓர் இலட்சம் இணைப்புச் சாதனங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு வாற்று மிச்சமானால், ஆண்டொன்றுக்கு 8 இலட்சத்து 76 ஆயிரம் அலகு மிச்சம். குளிரூட்டும் செலவு வேறு.

சில நூறு மீற்றர் தூரத்துக்குக் கலகரின் குறிமுறையை ஏவுவது, அடுத்த வீட்டுக்குச் செல்ல விமானம் ஏறுவது போன்றது. ஆகவே அங்கே ரீட், சொலமன் இருவரின் பழைய குறிமுறையே வேறு அளவில் கையாளப்படுகின்றது. பத்துப் பிற்றுகளைக் கொண்ட 514 எழுத்துகளுடன் 30 சரிபார்ப்பு எழுத்துகள்; பதினைந்து தவறுகள் வரை திருந்தும். வலுவிலும் தாமதத்திலும் சிக்கனமானது.

நடுத்தரத் தூரத்துக்கு, அதாவது நூறு கிலோமீற்றரளவில் நகரங்களையும் தரவு நிலையங்களையும் இணைப்பதற்கென, 2020 இல் வெளியான 400இசட்ஆர் என்ற தொழிற்றுறை உடன்பாடு சுவையானதொரு சமரசத்தைக் கண்டது. விரற்கடை அளவுள்ள சாதனமொன்று, ஏறத்தாழ 15 வாற்றுக்குள், செக்கனுக்கு 400 கிகாபிற்றைக் கையாளவேண்டும் என்பது இலக்கு. இவ்வேகத்தில், ஒரு பிற்றுக்கு ஒரு பிக்கோயூல், அதாவது ஒரு யூலின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு செலவானாலும், அது 0.4 வாற்றாகிவிடும். பத்துப் பிக்கோயூல் செலவிடும் தீர்ப்பி நான்கு வாற்றை விழுங்கி ஏனைய பகுதிகளைப் பட்டினி போட்டுவிடும். எனவே வெளிப்புறத்தில் படிக்கட்டுக் குறிமுறையும், உட்புறத்தில் மென்தீர்ப்புடன் கூடிய மிகச் சிறிய குறிமுறையொன்றும் கோக்கப்பட்டன. உட்குறிமுறை ஒரே சுற்றில் தன் வேலையை முடித்து, எஞ்சியதைக் கடுந்தீர்ப்புக்கு ஒப்படைத்துவிடும். பலன் 10.8 தெசிபெல், பன்னிரண்டிலொரு பங்கு வலு போதும். எண்பது பிற்றுக்கு ஒன்று வீதம், செக்கனுக்கு ஐந்நூறு கோடி தவறுகள் உள்ளே வந்தாலும், வெளியே செல்வது ஏறத்தாழ நாற்பது நிமிடத்துக்கு ஒரு தவறு மாத்திரமே.

அந்தச் சிறிய உட்குறிமுறை வேறெதுவுமன்று, வார இறுதியில் நின்றுபோன கணிப்பொறியினால் சலிப்படைந்து ஹமிங் 1950 இல் எழுதியதேதான். 119 பிற்றுத் தரவுக்கு 9 சரிபார்ப்புப் பிற்றுகள் என்று சற்றே நீட்டப்பட்டுள்ளது. தரவு நிலையங்களில் ஒரு தடத்துக்கு 200 கிகாபிற்று என்ற புதிய வேகத்துக்குப் பழைய ரீட்-சொலமன் மட்டும் போதாமற்போனபோது, அதற்குத் துணையாகத் தெரிவு செய்யப்பட்டதும் 120 பிற்றுக்கு 8 சரிபார்ப்பு என்ற அளவிலான இன்னொரு ஹமிங் குறிமுறையே.